வாசிகசாலைக் கணினியின் மறுபாதி

திரை எரிந்தது. மேசையைச் சுற்றி நின்ற ஐந்து பேரும் ஒரே சமயத்தில் பேச்சை நிறுத்தினார்கள்.

ஞாயிறு காலை ஏழு மணி. குருவிமலைத் தோட்டத்து வாசிகசாலைக்கு யாரோ தானமாகக் கொடுத்த அந்தப் பழைய மடிக்கணினியைப் போட்டதும், முன்பள்ளிப் பிள்ளைகளின் கலைவிழாப் படம் ஒன்றும், ஆசிரியை படங்களைச் சேர்த்து வைக்கும் மஞ்சள் பெட்டிச் சின்னமும் முகப்பில் வந்து நிற்பது வழக்கம். அன்று அவை வரவில்லை. ஊதா நிறத்தில் ஒரு வெறும் வெளியும், இடது ஓரத்தில் முன்பின் பார்த்திராத சில சின்னங்களுமே வந்தன. முதல்நாள் மாலை வரை அதில் இருந்த எதுவும் இல்லை.

“யாரோ லினக்ஸ் போட்டிருக்காங்க,” என்றான், ஞாயிறுதோறும் அங்கே கணினி வகுப்பு எடுக்கும் மதுரன்.

அந்தச் சொல்லின் பொருள் அங்கே அவன் ஒருவனுக்குத்தான் முழுதாகத் தெரியும். விண்டோஸ் இருந்த இடத்தில் வேறோர் இயங்குதளத்தைக் கொண்டுவந்து அமர்த்தியிருக்கிறார்கள் என்று அவன் விளக்கத் தொடங்கினான். தோட்டத் தலைவர் செல்லசாமியின் பார்வை அவன் முகத்தில் இல்லை. அவன் கழுத்தில் நாடா கட்டித் தொங்கிய பென் டிரைவில் இருந்தது.

அந்த இழப்பின் கனம் அறிய, முதல்நாள் மாலைக்குப் போக வேண்டும்.

தேயிலைத் தொழிற்சாலையில், தோட்டத்தார் பேச்சில் சொன்னால் ஸ்டோரில், கொழுந்தைச் சுருட்டும் ரோலர் இயந்திரத்தை ஓட்டிய சின்னத்தம்பி சென்ற மாதம் அதைச் சுழற்றும் பெல்ட் பட்டியில் அகப்பட்டு இறந்தார். திங்கட்கிழமை ஹட்டனில் விசாரணை. நிர்வாகம் அனுப்பியிருந்த சிங்கள அறிக்கையைச் சனிக்கிழமை மாலை வாசிகசாலையில் வைத்துத் தலைவர் தமிழில் சொன்னார். பட்டிக்கு மேலிருந்த பாதுகாப்புக் கம்பிக்கூட்டைச் சின்னத்தம்பியே கழற்றிவிட்டு, ஓடும் இயந்திரத்தில் கையை விட்டார். அதுவரை கூடு மாட்டியே இருந்ததற்குச் சாட்சி உண்டு. இவ்வளவுதான் அறிக்கை. அதைக் கேட்ட பிறகே சின்னத்தம்பியின் மனைவி நாகலெட்சுமி வாய் திறந்தாள். கூடு இல்லாமல் இயந்திரம் ஓடுவதைத் தன் போனில் பிடித்து, அதை வாசிகசாலைக் கணினிக்கும் அனுப்பி வைத்திருப்பதாகக் கணவர் ஒருமுறை சொன்னாராம். போன் அவரோடு இயந்திரத்துக்குள் போய்விட்டது. கணினி இருக்கிறது.

அதைத் தேடிப் பார்க்க மதுரன் மேசையில் அமர்ந்தபோது காற்றில் எங்கோ மரம் விழுந்து கரண்ட் போயிற்று. பற்றரி செத்த கணினி அந்தக் கணமே அணைந்தது. காலையில் பார்ப்போம் என்று அலுமாரியில் வைத்துக் கதவைப் பூட்டினார்கள். வீடியோவைப் பற்றிக் கேட்டவர்கள் ஐவரே: செல்லசாமி, மதுரன், நாகலெட்சுமி, முன்பள்ளி ஆசிரியை தனுஜா, சின்னத்தம்பியின் தம்பியும் ஸ்டோரின் மெக்கானிக்குமான சுமன்.

இப்போது ஐவரும் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“வியாழக்கிழம உனக்கு ஸ்டோர் ஆபீஸ்ல இன்டர்வியூ, இல்ல?” என்றார் செல்லசாமி. மதுரன் பதில் சொல்வதற்குள் பென் டிரைவை அவன் கழுத்திலிருந்து கழற்றித் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவனை அடுத்த அறையில் உட்காரச் சொன்னார். கணினிக்குப் பக்கத்தில் அவனை விடக் கூடாது என்று மற்றவர்களிடம் கூறிவிட்டு, ஹட்டனுக்குப் போன் எடுத்தார்.

ஜிப்ரியா ஒன்பதரை மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவள், நாற்பதை நெருங்குபவள், தேவைக்கு மேல் ஒரு சொல்லும் பேசாதவள். போனவற்றை மீட்க முடியுமா என்று பார்க்கவே அவளை அழைத்தார்கள். யார் செய்தது என்று கண்டுபிடிக்க எவரும் அவளைக் கேட்கவில்லை. ஆனால் எப்படிச் செய்யப்பட்டது என்று தெரியாமல் எந்த இயந்திரத்திலும் அவள் கை வைப்பதில்லை.

கணினியைப் போடாமல், முதலில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பென் டிரைவ் செருகும் துளைகள் இரண்டிலும் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. இணையக் கம்பிக்கான துளையும் அப்படியே. சீடி போடும் தட்டு இருந்த இடத்தை அட்டையால் அடைத்திருந்தார்கள். அடிப்பக்கத் திருகாணிகளின் தலைகளில் துரு உடையாமல் இருந்தது. வன்தட்டை யாரும் கழற்றி எடுக்கவில்லை. மின் இணைப்புக் கொடுத்து இயக்கிய பின், ஒருமுறை இணைப்பைப் பிடுங்கினாள். உடனே அணைந்தது. மறுபடி இயக்கி, விசிறியின் மேல் காதை வைத்துக் கேட்டாள். சத்தமே இல்லை. விசைப்பலகையின் மேல் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தாள். எழுத்துகளின் இடைவெளிகளில் ஒரு துகள்கூட இல்லை.

“யார் இதத் துடைச்சது?”

யாரும் இல்லை என்றார்கள். தனுஜா சற்றே வியப்புடன் அருகில் வந்து பார்த்தாள். பிள்ளைகள் பிஸ்கட் கையோடும் கரும்பலகைச் சோக்குக் கையோடும் தொடும் கணினி அது. அவள் எத்தனையோ முறை ஈரத்துணியால் துடைத்தும் அந்த இடுக்குகளில் இருந்த வெள்ளைத் தூசி போனதில்லை. விசிறியும் இருமல் பிடித்தவரைப் போலக் கரகரத்துக்கொண்டே இருக்கும் என்றாள்.

ஜிப்ரியா துருவை உடைத்துத் திருகாணிகளைக் கழற்றி மூடியைத் திறந்தாள். உள்ளேயும் அதே சுத்தம். ஆனால் வெப்பத் தகட்டின் அடியில், ஈரம் கசிந்திருந்த ஒரு மூலையில், பொன்னிறத்தில் மெல்லிய தும்பு சிறிது ஒட்டிக்கொண்டிருந்தது. அதை இடுக்கியால் எடுத்து வெள்ளைத் தாளில் வைத்து முகர்ந்தாள். பிறகு தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

அடுத்த அறையில் பிள்ளைகள் உட்காரும் குட்டை வாங்கில் முழங்கால்கள் முகத்தைத் தொட மதுரன் உட்கார்ந்திருந்தான்.

“பென் டிரைவ்ல லினக்ஸ் இருக்கா?”

“இருக்குங்கக்கா.”

“இந்த மெஷின்ல அத எப்பவாவது செருகினியா?”

“எங்க செருகுறது? கூரை ஒழுகி ரெண்டு துளையும் செத்துப்போச்சு. தலைவருக்கே தெரியும். ஆத்திரத்துல மறந்துட்டாரு.”

“அப்ப வெளியில இருந்து எதுவும் செருகாம எப்படிப் போடலாம்?”

அவன் தயங்கிவிட்டு, எல்லாவற்றையும் சொன்னான். அதற்கான ஏற்பாட்டைச் செய்து வைத்தவன் அவனே. வன்தட்டு இரண்டு பகுதியாகப் பிரிந்திருந்தது. விண்டோஸ் முதல் பகுதியில். லினக்ஸை நிறுவும் பெரிய கோப்பைத் தன் போனின் வைஃபை வழியே இறக்கி இரண்டாம் பகுதியில் வைத்தான். கணினி தொடங்கும்போது வரும் பட்டியலில் இரண்டாவதாக ஒரு வரியைச் சேர்த்தான். அந்த வரியைத் தேர்ந்தால், கணினி விண்டோஸுக்குப் போகாமல் அந்தக் கோப்பிலிருந்தே எழும், அங்கிருந்து நிறுவலாம். இதை ஞாயிறு வகுப்பில் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியும் இருந்தான். கலைவிழாப் படங்களைப் பிரதி எடுக்கும் வரை பொறு என்று வாசிகசாலைக் குழு சொன்னதால் அத்துடன் நிறுத்திவிட்டான். வகுப்புக்குத் தனுஜா வருவாள், சுமன் வருவான், தலைவரின் மருமகனும் இன்னும் இரண்டொருவரும் வருவார்கள்.

“புதுசு போடுறதப் பத்தி வகுப்புல என்ன சொன்ன?”

“ஃபைல அழிச்சா திரும்ப எடுத்துறலாம். மேல புதுசா ஒண்ணப் போட்டா பழசு ஒண்ணும் மிஞ்சாது. அப்படித்தான் இன்டர்நெட்ல போட்டிருந்துச்சு.”

“நீ கடைசி வரைக்கும் போட்டுப் பார்த்திருக்கியா?”

“இல்லக்கா. வாசிச்சதுதான்.” அவன் தலையைக் குனிந்தான். “நான் அந்த வரியச் சேர்க்காம இருந்திருந்தா இது நடந்திருக்காது. அந்தம்மா மொகத்தப் பாக்க முடியல.”

ஜிப்ரியா திரும்பி வந்து செல்லசாமியிடம் இரண்டே கேள்விகள் கேட்டாள். கரண்ட் எப்போது வந்தது? விடிந்த பிறகு, கோயில் மணி அடிக்கும் நேரம் என்றார். இடையில் தோட்டத்தில் எங்கே மின்சாரம் இருந்தது? பங்களாவின் ஜெனரேட்டர் பழுது. தோட்ட மேலாளரான துரையும் கொழும்புக்குப் போய்விட்டார். ஸ்டோரில் மட்டுமே இருந்தது. காற்றில் வாட்டப் பரப்பிய தேயிலைக் கொழுந்து காத்திருக்காது. அங்கே ஜெனரேட்டர் ஓடியே தீரும்.

“அப்ப இந்தக் கம்ப்யூட்டர் ராத்திரி ஸ்டோருக்குப் போய் வந்திருக்கு,” என்றாள் ஜிப்ரியா. “இந்தப் பழைய மெஷின்ல இந்த வேலைக்கு ரெண்டு மூணு மணித்தியாலம் வேணும். பற்றரி இல்லாம லயத்து வீடுகள்ல எங்கயும் செஞ்சிருக்க முடியாது.”

வாசிகசாலைப் பூட்டின் திறப்பு கோயில் மாடத்தில் இருக்கும். குழுவில் அனைவருக்கும், அவர்கள் வீட்டாருக்கும்கூட அது தெரியும். ஆகவே பூட்டைப் பற்றி அவள் கேட்கவில்லை. இரவில் ஸ்டோரில் இருந்தவர் யார் என்று மட்டும் கேட்டாள். சுமன் கூட்டம் முடிந்து இரவு வேலைக்குப் போனவன். மதுரனையோ தலைவரையோ அந்த நேரத்தில் காவல்காரன் வாசலைத் தாண்ட விட்டிருக்க மாட்டான்.

தன் கணவன் லோஜனும் அங்கேதான் இருந்தான் என்றாள் தனுஜா. ஸ்டோரை நடத்தும் டீமேக்கரின் கீழ் ஆபீசில் எழுதுவினைஞன் அவன். வீடியோ விஷயத்தைச் சாப்பிடும்போது அவனிடம் சொன்னவள் அவளேதான்.

“ரெண்டும் ரெண்டும் சேந்துருச்சு,” என்றார் செல்லசாமி. “டீமேக்கர் தும்மினா கைக்குட்ட நீட்டுறவன் அவன்.”

“தலைவர், காலைல ஒருத்தனப் புடிச்சு உக்கார வச்சாச்சு. பகலுக்கு இன்னொருத்தன் வேணாம்,” என்றாள் ஜிப்ரியா.

பதினொரு மணிக்கு அவளும் செல்லசாமியும் ஸ்டோருக்குப் போனார்கள். டீமேக்கருக்கு அன்று விடுமுறை. ஞாயிறு கழுவித் துடைக்கும் நாள். ஆபீஸ் கண்ணாடி அறைக்குள் லோஜன் தனியாக இருந்தான். அவன் மேசையிலிருந்த கணினியின் விசைப்பலகை மேல் தேயிலைத் தும்பு ஒரு கம்பளி போலப் படிந்திருந்தது. ஜிப்ரியாவுக்கு நாற்காலி போடும்போது, அவன் அதைச் சட்டைக் கையால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டான். பாதி தும்பு இடுக்குகளுக்குள் போயிற்று.

விஷயத்தைக் கேட்டதும் அவனுக்குக் கோபம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

“எனக்கு அந்த வீடியோவ இல்லாமப் பண்ணணும்னா ரெண்டு நிமிஷம் போதும். மேல எதையாவது எழுதி அழிச்சுட்டு மூடி வச்சுருவேன். காலைல தேடுவாங்க, கிடைக்கல, அவரு அனுப்பவே இல்லன்னு முடிச்சிருவாங்க. ராத்திரி முழுக்க உக்காந்து லினக்ஸ் போட்டு, நான்தான் அழிச்சேன்னு போர்டு மாட்டி வைக்க எனக்கென்ன கிறுக்கா?”

“புதுசு போட்டதுக்குப் பிறகு பழசு ஏதாவது மிஞ்சுமா?”

“எதுக்கு மேல எத எழுதினாங்கன்னு பாக்கணும். பாக்காம எப்படிச் சொல்றது?”

“தனுஜா சொன்ன விஷயத்த வேற யாருக்காவது சொன்னீங்களா?”

“இல்ல.” பிறகு, “சின்னத்தம்பியண்ணனத் தூக்குனதுல நானும் ஒரு ஆளு,” என்றான்.

ரோலர் அறையில் சுமன் இருந்தான். கம்பிரஸரின் காற்றுக் குழாயைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மோட்டாராக ஊதிச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். இடுக்கு, விளிம்பு, மூடி எதையும் விடவில்லை. ஊதி முடிந்த மோட்டாரைக் கையால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டே அடுத்ததற்குப் போனான். அவர்களைக் கண்டதும் காற்றை நிறுத்தினான். தன் டோர்ச் லைட்டை எடுத்து அதற்கும் இரண்டு ஊது ஊதிவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டான். அண்ணன் இறந்த இயந்திரத்தின் பட்டிக்கு மேல் இப்போது புதுக் கம்பிக்கூடு மாட்டப்பட்டிருந்தது.

“ராத்திரி வேல, பகலும் வேலயா?”

“ஞாயித்துக்கிழம ஊதலன்னா திங்கக்கிழம மோட்டார் எரிஞ்சுரும் அக்கா. தும்பு அப்படி அடைக்கும்.” அவன் கண்கள் சிவந்திருந்தன. “ஏதாவது எடுக்க முடிஞ்சுதா?”

“நீங்க என்ன நெனக்கிறீங்க?”

“எங்க எடுக்குறது. அழிச்சிருந்தாலாவது எடுக்கலாம். புதுசு போட்டா பழசு ஒண்ணும் மிஞ்சாது.”

நான்கு மணிக்கு வாசிகசாலைக்கு வரும்படி மட்டும் சொன்னாள்.

நான்கு மணிக்கு மழை மறுபடி பிடித்தது. தகரக் கூரையில் அது விழுந்த ஓசையில் ஜிப்ரியா சற்றுக் குரலை உயர்த்தியே பேச வேண்டியிருந்தது. செல்லசாமி வாசலை ஒட்டி அமர்ந்தார். தனுஜாவும் லோஜனும் ஒரு வாங்கில். மதுரன் சுவரோரம் நின்றான். நாகலெட்சுமி மேசைக்கு நேர் எதிரே, கைகளை மடியில் வைத்து, காலையிலிருந்து அசையாதவள் போல இருந்தாள். சுமன் அவளுக்குப் பின்னால் நின்றான்.

ஜிப்ரியா முதலில் பென் டிரைவைப் பற்றிச் சொன்னாள். அதைச் செருக இந்தக் கணினியில் இடமே இல்லை. ஆகவே மதுரனின் கழுத்தில் இருந்தது எந்தக் குற்றத்துக்கும் சாட்சி ஆகாது. வன்தட்டைக் கழற்றவும் இல்லை. வெளியிலிருந்து எதுவும் உள்ளே போகவில்லை என்றால், மதுரன் முன்பே உள்ளே வைத்திருந்த கோப்பிலிருந்தே இது நடந்திருக்க வேண்டும். நடந்த இடம் ஸ்டோர். மடித்த தாளைப் பிரித்துப் பொன்னிறத் தும்பை மேசையில் வைத்தாள். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அது இன்னதென்று எவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

லோஜன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“ஸ்டோர்ல ரெண்டு பேரு இருந்தாங்க,” என்றாள் ஜிப்ரியா. “ஆனா இந்தக் கம்ப்யூட்டர் அங்க போனப்ப இருந்தத விடச் சுத்தமாத் திரும்பி வந்திருக்கு. டீச்சர் எத்தனையோ தரம் துடைச்சும் போகாத சோக்குத் தூசி போயிருக்கு. விசிறியோட இருமல் நின்னிருக்கு. துணியால இது முடியாது. காத்து அடிச்சாத்தான் முடியும். தும்பு படிஞ்ச மெஷின ஊதாம வைக்க ஒருத்தருக்குக் கை வராது. திருட்டுத்தனமா எடுத்துட்டுப் போனதக்கூட ஊதித்தான் திருப்பி வச்சிருக்காரு.”

ஒருவரும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை.

“லோஜன் தம்பியோட மேசையப் பார்த்தேன்,” என்று தொடர்ந்தாள். “அவரு தும்ப உள்ள தள்ளுற ஆளு.”

செல்லசாமி, நம்ப முடியாதவராய், ஒரு வீடியோவை அழிக்கச் சுமன் இவ்வளவு பாடுபட்டது எதற்கு என்று கேட்டார். ஜிப்ரியா மதுரனைப் பார்த்தாள். அந்த விடை வகுப்பில் இருக்கிறது என்றாள். அழித்தால் மீட்கலாம், புதிது போட்டால் பழையது ஒன்றும் மிஞ்சாது என்று மதுரன் சொல்லிக்கொடுத்தான். கணினியை ஓரளவு அறிந்த லோஜன் அதை அப்படியே ஏற்க மாட்டான். மதுரனிடம் மட்டுமே படித்த ஒருவன்தான் அந்த வாக்கியத்தைச் சொல் மாறாமல் நம்புவான். காலையில் மதுரன் சொன்ன அதே சொற்களைப் பகலில் சுமனும் சொன்னான்.

“அந்தப் பாடம் பிழை, மதுரன்,” என்றாள் அவள். கண்டிப்பு இருந்தது, கடுமை இல்லை. “பென் டிரைவ்ல இருந்து போட்டா முழு வன்தட்டையும் துடைச்சுப் போடலாம். இங்க போட்டது வன்தட்டுக்குள்ள இருந்தே. அந்தக் கோப்பு ரெண்டாம் பகுதியில இருந்துச்சு. வேல முடியிற வரைக்கும் கம்ப்யூட்டர் அதுக்கு மேலதான் நின்னுக்கிட்டு இருக்கும். ஏணி மேல நின்னுக்கிட்டு அந்த ஏணிய வெறகா வெட்ட முடியாது. அழிஞ்சது முதல் பகுதி மட்டும்.”

மதுரன் சுவரை விட்டு ஓரடி முன்னே வந்தான்.

“அப்ப டீச்சரோட மஞ்சப் பொட்டி?”

“அது முகப்புல இருந்த ஒரு வழிகாட்டிதான். படம், வீடியோ, போன்ல இருந்து வந்ததெல்லாம் ரெண்டாம் பகுதியிலதான் சேர்ந்துக்கிட்டு இருந்துச்சு. வழி போயிருச்சு, வீடு இருக்கு. புது முகப்பு அத முன்னால காட்டாது. யாரும் தேடல. உன்ன இதத் தொட விட்டிருந்தா நீயே கண்டிருப்ப.”

செல்லசாமி தரையைப் பார்த்தார்.

ஜிப்ரியா பக்கப் பட்டியலின் அடியில் சிறிய எழுத்தில் இருந்த ஒரு வரியைத் தட்டினாள். ஒரு சாளரம் திறந்தது. அதில் கலைவிழா, விளையாட்டு விழா, பொங்கல் என்று வரிசையாகப் பெட்டிகள். எல்லாவற்றுக்கும் கீழே பெயரிடாத ஒரு வீடியோ. அதைத் திறக்கும் முன் அவள் நாகலெட்சுமியைப் பார்த்தாள். நாகலெட்சுமி தலையசைத்தாள்.

இயந்திரத்தின் இரைச்சல்தான் முதலில் வந்தது. படம் ஆடியது. மூடியில்லாத பட்டி ஓடியது. பிறகு சின்னத்தம்பியின் குரல், சத்தத்துக்கு மேலாக:

“இன்னைக்கும் கூடு இல்ல. பாத்துக்கங்க. டேய் தம்பி, இத மாட்டுடா.”

சட்டத்தின் ஓரத்தில் சுமனின் தோள் தெரிந்தது. “டீமேக்கர் ஐயா வேணாங்குறாரு அண்ணே. பெல்ட் கழண்டுக்கிட்டே இருக்கு. ஒவ்வொரு தரமும் கூட்ட அவுத்து மாட்டினா கொழுந்து கெட்டுப்போகும்னு கழட்டி வைக்கச் சொன்னாரு.”

“அவரு கையா உள்ள போகுது? மாட்டுடா.”

“சரி, சரி. நாளைக்கு மாட்டுறேன்.”

படம் நின்றது.

“நாளைக்குன்னு சொன்னேன் அண்ணி,” என்றான் சுமன். “மறந்துட்டேன். அதுக்கு மறுநாள்தான்...” மிச்சத்தையும் அவனே சொன்னான். முதல் விசாரணையில் டீமேக்கர் பக்கத்தில் நின்றபோது, கூடு மாட்டியிருந்தது என்று சொல்லிவிட்டான். அறிக்கையில் இருந்த சாட்சி அவன்தான். அண்ணன் போனைத் தூக்கிப் பிடித்தது நினைவில் இருந்தது; ஆனால் படம் எங்கும் போய்ச் சேர்ந்திருக்கும் என்று அவன் நினைக்கவில்லை. சனிக்கிழமை அண்ணி சொன்ன பிறகு அவனுக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

நாகலெட்சுமி எழுந்து அவன் பக்கம் திரும்பினாள். கைநீட்டி அடிப்பாள் என்றே தனுஜா நினைத்தாள். அவள் அடிக்கவில்லை.

“நீ மறந்தத நான் ஒரு நாளைக்கு மன்னிச்சாலும் மன்னிப்பேன். செத்தவரு மேல எழுத விட்ட பாரு, அத என்னால முடியாது. அத எழுத வச்சது உன் வாய். நாளைக்கு வந்து அந்த வாயாலேயே அழி.”

சுமன் வந்தான்.

அன்று மாலையே மதுரன் அந்த வீடியோவை ஐந்து போன்களுக்கு அனுப்பி முடித்திருந்தான். பென் டிரைவை அவன் கேட்கும் முன்பே செல்லசாமி அதைத் தம் கையால் அவன் கழுத்தில் மாட்டிவிட்டு, வெளியே போனார். திங்கட்கிழமை காலை ஹட்டன் பஸ்ஸில் நாகலெட்சுமி முன்னால் அமர்ந்தாள். சுமன் கடைசி வரிசையில் நின்றுகொண்டே வந்தான். ஜிப்ரியா விசாரணை அறையின் வாசலில் தன் கணினியுடன் காத்திருந்தாள்.

அதிகாரி வீடியோவை இருமுறை பார்த்தார். பிறகு சுமனிடம் கேட்டார். சுமன் எழுந்து நின்று, கூட்டைக் கழற்றியவன் தான் என்றும், கழற்றச் சொன்னவர் யார் என்றும், மாட்டச் சொன்னவர் யார் என்றும், முன்பு சொன்னது பொய் என்றும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னான். எதிரே இருந்த டீமேக்கர் இடையில் இருமுறை எழ முயன்றார். அதிகாரி கை காட்டி உட்கார வைத்தார். எழுதி முடித்ததும் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் வாசித்துக் காட்டிவிட்டுப் பேனாவை நீட்டினார்.

நாகலெட்சுமி தமிழில் கேட்க வேண்டும் என்றாள்.

மொழிபெயர்ப்பாளர் வாசித்தார். கூடு ஏற்கெனவே கழற்றப்பட்டிருந்தது. அதை மாட்டும்படி இறந்தவர் கேட்டுக்கொண்டார். இறந்தவர்மீது எந்தத் தவறும் இல்லை.

“அந்த அறிக்கையில தப்பு செஞ்சாருன்னு எழுதினப்போ பேரப் போட்டுத்தானே எழுதினாங்க,” என்றாள் நாகலெட்சுமி. “இதுலயும் பேரப் போடுங்க.”

மொழிபெயர்ப்பாளர் அதை அதிகாரியிடம் சொன்னார். அதிகாரி தாளைத் தம் பக்கம் இழுத்து, அந்தச் சொல்லை அடித்துவிட்டுப் பெயரை எழுதி, அருகில் சுருக்கொப்பம் இட்டார். மொழிபெயர்ப்பாளர் எழுந்து நின்று, அறையின் கடைசி வாங்கு வரை கேட்கும்படி அந்த வரியை மறுபடி வாசித்தார்.

“சின்னத்தம்பிமீது எந்தத் தவறும் இல்லை.”